மணிக்கூட்டுக்கு வாங்கிய சுருள்கம்பி

எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் மணிக்கூடு அடித்தால் யாரோ அண்டாவை உருட்டிவிட்டது போலிருக்கும். உள்ளே சின்னச் சுத்தியலிடம் அடிவாங்கும் சுருள்கம்பி விரிசல் விட்டிருந்தது. சுத்தியல் முனையில் ஒட்டிய தோலும் தேய்ந்து இரும்பில் இரும்பு மோதியது. குன்னத்துகால் கச்சேரியில் குமாஸ்தாவாக உட்கார்ந்து நாள் முழுக்க வரி கட்ட வருகிறவர்களின் கூச்சலைக் கேட்கும் எனக்கு வீட்டிலாவது காதுக்கு இதம் வேண்டியிருந்தது.

நெய்யாற்றின்கரையில் மணிக்கூடு பழுதுபார்ப்பவர் மூன்று கம்பிகளைத் தட்டிக் காட்டினார். தடித்தது உரக்கக் கத்தியது. வயசானவர்கள் இருக்கும் வீட்டுக்கு அதுதான் நல்லது என்றார். எங்கள் வீட்டில் நானும் மனைவியும்தான், இருவருக்கும் நாற்பதுகூட ஆகவில்லை என்று சொல்லி, மென்மையாக ஒலித்ததை எடுத்தேன். சுத்தியலுக்குப் புதுத் தோலும் போட்டுக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து வீடு தாறுமாறானது. முள்ளைப் பார்த்து மணி சொல்ல என் மனைவிக்குத் தெரியாது; அடியை எண்ணித்தான் உலை வைப்பாள். நான் சாப்பிட்டுக் கிளம்ப வேண்டிய ஒன்பது மணிக்கு அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச காலமாகவே அப்படித்தான். பிறந்த வீட்டு மிடுக்கு என்று மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். கணவன் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்வது எங்கள் வீடுகளில் மரியாதைக்குறைவு. அவளும் ஒருநாள்கூட என்னவென்று கேட்டதில்லை.

நாலாம் நாள் காலை குளித்துவிட்டு முன்னறைக்கு வந்தேன். அவள் முக்காலியில் ஏறி, மணிக்கூட்டுப் பெட்டியில் உள்ளங்கையைப் பதித்து நின்றாள். எவ்வளவு நேரம் அப்படிக் காத்து நின்றாளோ. ஏழு அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் அவள் உதடு எண்ணியது.

அவள் முகத்துக்கு நேரே போய் நின்று, எப்போதிருந்து காது கேட்கவில்லை என்று கேட்டேன். வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். ஆடி மாதக் காய்ச்சலுக்குப் பிறகாம். பழைய அண்டாச் சத்தம் மட்டும் எப்படியோ காதில் விழுந்துகொண்டிருந்ததாம்.

"ஏன் எங்கிட்ட சொல்லல்ல?"

"கேக்காதுண்ணு தெரிஞ்சா நீங்க எங்கிட்ட பேசாம ஆயிருவியளோண்ணு பேடிச்சேன்."

ஆடிக்குப் பிறகு அவளிடம் நான் என்ன பேசினேன் என்று யோசித்துப் பார்த்தேன். முக்கால்வாசியும் திட்டு. அதுவும் இல்லாமல் போய்விடுமோ என்றுதான் அவள் பயந்திருக்கிறாள்.