குழாயை அறுத்து அறுத்துத் தேடிய தண்ணீர்

1962 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரி சாரத்திலிருந்து நெய்வேலிப் பக்கம் போனேன். காரணம், தங்கை அஞ்சலை போட்ட கார்டு. 'அண்ணே, இரும்பு அறுக்குற பிளேடு ஆறு வாங்கியாங்க, அவசரம்.' புடவை கேட்டு எழுதுவாள், தேங்காய் கேட்டு எழுதுவாள். பிளேடு எதற்கு என்று விளங்கவில்லை. நான் மில் வேலைக்காரன், பிளேடு எங்கே கிடைக்கும் என்று தெரியும்.

காலை ஐந்தரைக்கு பஸ். கடலூர் பதினான்கு மைல், டிக்கெட் அரை ரூபாய். அங்கே வண்டி மாறி வடலூரில் இறங்கும்போது மணி ஒன்பது. அப்புறம் இரண்டு மைல் வரப்பில் நடை. புதுச்செருப்பு போட்டுப்போன புத்திசாலி நான், பாதியிலேயே கையில் எடுத்துக்கொண்டேன்.

தங்கை வாழ்க்கைப்பட்ட ஊரில் பூமிக்குள் குழாய் இறக்கினால் தண்ணீர் தானாகவே பொங்கும். அதை நம்பித்தான் பெண் கொடுத்தோம். கல்யாணத்தின்போது மாப்பிள்ளை ஏழுமலை வயலில் குழாய் என் மார்பு உயரத்துக்கு நின்றது. மூடி கிடையாது, இரவும் பகலும் கொட்டும். தண்ணீர் இறைக்க ஏற்றமோ கவலை மாடோ அந்த வீட்டில் யாரும் வைத்துக்கொண்டதில்லை.

இப்போது போனால் குழாயையே காணோம். ஆளுயரக் குழிக்குள் மாப்பிள்ளை நின்றிருந்தார்.

"என்ன மாப்ள இது?"

"நெய்வேலி சுரங்கத்துல கரி எடுக்கணும்னா அடித்தண்ணிய ராப்பகலா எறைச்சாவணுமாம் மச்சான். இங்க மட்டம் எறங்கிப் போவுது. ஒரு மொழம் அறுத்தா பத்து நாள் வருது, அப்புறம் நின்னுபூடுது. திரும்ப அறுக்கறேன்."

நான் கொண்டுபோன பிளேடை மாட்டி இன்னொரு முழம் அறுத்தார். தண்ணீர் வந்தது, விரல் கனத்துக்கு. அஞ்சலை கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கும் ஒரு நிமிஷம் சந்தோஷம்தான். பிறகுதான் உறைத்தது: தண்ணீர் குழிக்குள் கிடக்கிறது, காய்கிற நாற்றங்காலோ மாப்பிள்ளை தலைக்கு மேலே இருக்கிறது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் வெயில் ஏறுமுன் போய்ச் சேருங்கள். சுரங்கத்தைப் பாருங்கள், பார்க்க வேண்டியதுதான். பக்கத்து ஊர்களிலும் கொஞ்சம் நடந்து பாருங்கள். அங்கே யாராவது தண்ணீரைப் பற்றிப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், யோசனை மட்டும் சொல்லாதீர்கள். நான் சொன்னேன்.

"ஒரு ஏத்தம் போட்டுப் பாக்கக் கூடாதா மாப்ள?"

"ஏத்தம் எதுக்கு மச்சான்? நாளைலேர்ந்து சுரங்கத்துல பம்பு பாக்கற வேலைக்குப் போறேன். நம்ம தண்ணி அங்கதான் போவுது."

அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நாற்றங்கால் பக்கம் நடந்தாள். நான் குனிந்து, மாப்பிள்ளை குழியிலிருந்து ஏறக் கை கொடுத்தேன்.