அக்கரப்பத்தனையில் பாக்கியம் அக்காவின் நிரை

தேயிலைக் கொழுந்து பறித்து, தொழிற்சங்கத் தலைவியாகி, பாராளுமன்றம் வரை போனவர் பாக்கியம் அக்கா. போன திங்கட்கிழமை பத்து மணிக்குத் தன் பழைய தோட்டத்துக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டதும் கொழும்பில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமையே ரயிலேறி அட்டனில் இறங்கிவிட்டேன்.

காலை ஆறேகாலுக்கு அக்கரப்பத்தனை பஸ். தலவாக்கலை வழியாக ஏறத்தாழ இரண்டு மணி நேரம், வளைவுக்கு வளைவு வயிறு குலுங்கும்.

"அக்காவப் பாக்கவா? பன்னெண்டுக்குத்தான் வருவாங்க. வழியில எல்லா லயத்து வீட்டுலயும் தேத்தண்ணி குடிக்கச் சொல்லுவாங்க," என்றார் கண்டக்டர்.

அப்படியே ஆனது. காத்திருப்பது எனக்குச் சுத்தமாக வராது. தோட்ட ஆபீஸ் வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அங்கே கூடியிருந்த பெண்களும் தவித்துக்கொண்டுதான் இருந்தார்கள். வேலை நேரத்தில் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவை மாத முடிவோடு மூடப்போகிறார்களாம். அடுத்தது மூன்று கிலோமீட்டர் மேலே.

"மழையில பச்சப்புள்ளயத் தூக்கிட்டு ஏறணும். இல்லாட்டி வேலைய விடணும்," என்றார் சாந்தி. இடுப்பில் எட்டு மாதக் குழந்தை.

அந்தக் காம்பராதான் அக்கா சங்கத்தின் மூலம் பெற்றுத் தந்த முதல் வெற்றி. அந்நாளில் அவர் கூட்டத்துக்குப் போனால், அவருடைய நிரையை, அதாவது அவருக்கு ஒதுக்கிய தேயிலை வரிசையை, பக்கத்து நிரைப் பெண்கள் சேர்த்துப் பறித்துவிடுவார்களாம். அவர் எம்.பி. ஆனதில் அந்தக் கைகளுக்கும் பங்குண்டு.

பன்னிரண்டரைக்கு வந்தவர் தோட்ட மேனேஜரான துரையைப் பார்க்க நேரே உள்ளே போனார். ஒரு மணி நேரம் கழித்து முகம் சிவக்க வெளியே வந்தார்.

"தொரை பிடி குடுக்கல. கம்பனிதான் முடிவு பண்ணுமாம்."

மறுநாள் பாராளுமன்றத்தில் இதைப் பற்றிப் பேச அவருக்கு நேரம் கிடைத்திருந்தது. "நான் போகல. ஒரு முடிவு தெரியுற வரைக்கும் ஒங்களோட இங்கயே இருக்கேன்," என்று படியில் உட்கார்ந்தேவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும்தான்.

சாந்தி மட்டும் தட்டவில்லை. "இங்க ஒக்கார நாங்க இருக்கோம்க்கா. ஒங்க நிரைய நாங்க எடுத்துருவோம். அங்க ஒங்க நிரைய எடுக்க யாரு இருக்கா?"

அக்கா எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். அவர் இருந்த இடத்தில் சாந்தி குழந்தையோடு உட்கார்ந்தார்.

போகிறவர்கள் குடையும் ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் பஸ்ஸை முன்கூட்டியே கேட்டுவையுங்கள், நான் கேட்காமல் ரயிலைக் கோட்டைவிட்டேன். அக்கா மறுநாள் பேசிவிட்டார். கம்பனி இன்னும் வாய் திறக்கவில்லை. அந்தப் பக்கம் போனால் ஆபீஸ் படியில் ஒரு நிமிடம் நில்லுங்கள். இதை எழுதும் வரை சாந்தி அங்கிருந்து எழவில்லையாம்.