பேத்தையும் தேரையும்

மழைக்காலம் வந்தால் காசிமேட்டில் எங்கள் வீட்டுத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒரு தேரை குடிவந்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா கண்டால் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டு விரட்டிவிடுவார். எனக்கோ அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கும். பாத்திரம் விளக்குகிற சாக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வேன். முதுகெல்லாம் கருப்பு முனை வைத்த பருக்கள். கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் புளியங்கொட்டை போலத் தடித்த மேடு. துடைப்பக்குச்சியை நீட்டினால் ஓடாது. மூச்சை இழுத்து உடம்பை உப்பவைக்கும், காலை ஊன்றி எழும்பும், தலையைத் தாழ்த்தி அந்த மேடுகளை நம் பக்கம் காட்டும். முட்டத் தயாராகிற ஆட்டுக்கடா மாதிரி. இத்தனூண்டு உடம்புக்கு இவ்வளவு திமிரா என்று சிரிப்புதான் வரும்.

என் வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஒரு நாள் காலையில் கரை திரும்பி, டிரம்மருகே குளிக்கப் போனவரின் காலடியில் தேரை உட்கார்ந்திருந்தது. அவரைக் கண்டதும் உப்பியது.

"இன்னாமே, பேத்தை கணக்கா ஊதிகினு கீது!" என்றார்.

பேத்தை என்பது வலையில் சிக்கினால் பந்துபோல ஊதிக்கொள்ளும் மீன். அதன் விஷம் உள்ளே இருக்கிறது. தின்றால்தான் ஆபத்து, கையால் எடுத்துக் கடலில் வீசினால் ஒன்றும் ஆகாது. காலமெல்லாம் அப்படி வீசிப் பழகிய கை, தேரையையும் அப்படியே அள்ளியது.

"யோவ், வுடுய்யா! அதுக்குத் தோல்லயே விஷம் கீது" என்றேன்.

"ஊதுறதுக்கெல்லாம் உள்ளாறதான்மே விஷம். எனுக்கே கத்துக்குடுக்கிறியா?"

தேரை அவர் கையில் மூத்திரம் பெய்தது. அதற்கும் விடாமல் இறுக்கிப் பிடித்தார். மேடுகளிலிருந்து பால்போல ஏதோ கசிந்து விரலில் ஒட்டியது. தேரையைச் சுவருக்கு அப்பால் வீசிவிட்டு, நெற்றி வேர்வையை அதே கையால் வழித்தார். உடனே வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அலறியபடி உட்கார்ந்துவிட்டார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வீட்டுக்காரர் தன் கையால் கெட்டார்.

தண்ணீரை மொண்டு மொண்டு கண்ணில் ஊற்றினேன். சிவந்து வீங்கி, திறக்கவே முடியவில்லை. கஷ்டப்பட்டுத் திறந்தபோது எல்லாம் புகை மூட்டமாகத் தெரிகிறது என்றார். ஆட்டோ பிடித்தேன். கண் போனால் இந்த மனுஷன் எப்படிக் கடலுக்குப் போவார் என்று பயம். பயம் வந்தால் எனக்கு வாய் நீளும். ஆஸ்பத்திரி வரைக்கும் திட்டிக்கொண்டே போனேன். எப்போதும் எதிர்த்துப் பேசுகிறவர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அது இன்னும் பயமாக இருந்தது.

மருந்து போட்டுக் கண்ணைக் கட்டி அனுப்பினார்கள். மறுநாள் கட்டைப் பிரித்தார் டாக்டர். நல்ல கண்ணை ஓர் அட்டையால் மறைத்து, "எதிர்ல என்ன தெரியுது?" என்று கேட்டார்.

எதிரே சுவரோரமாக, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த திட்டுக்குத் தயாராக நான் நின்றிருந்தேன். அவர் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தார்.

"எம் பொண்டாட்டி நின்னுகினு கீறா, சார்" என்றார். "அழுதுகினு கீறா."