அழைக்காத வளைகாப்புக்கு வந்தவர்

பச்சையம்மா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி, என் மகள் மாலினியின் வளைகாப்பன்று காலையில், நான் புளிச்சாதம் கிளறிக்கொண்டிருந்தபோது வந்தது. போனில் சொன்ன உறவினர், "இன்னிக்கு அவங்க பேர எடுக்காதீங்க, மாசமா இருக்கிற பிள்ளைக்கு ஆகாது லா" என்று எச்சரித்துவிட்டு வைத்தார். அடுப்பை அணைத்துவிட்டு அழுதேன். அப்புறம் கோபம் வந்தது.

எங்கள் ஊர் குளுவாங் பசாரில் கீரைக்கடை போட்டிருந்த அவரிடம் வாங்கியவர்களுக்கு அவரைத் தெரியும். அவரைக் கண்டதும் கதவைச் சாத்தியவர்களுக்கும் தெரியும். வளைகாப்பு என்று காதில் விழுந்தால் போதும், அழைப்பு இல்லாமலே வந்துவிடுவார். கையில் கண்ணாடி வளையல், வாயில் ஒரே கோரிக்கை: பிரசவம் ஆனதும் தொப்புள்கொடி ரத்தத்தைத் தானம் கொடுங்கள்.

அவருடைய ஒரே மகள் தேவிக்கு ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜை கொடுக்க, பொருத்தமானவர் யாரும் குடும்பத்தில் இல்லை. தொப்புள்கொடி ரத்தத்தில் புது ரத்தத்தை உண்டாக்கும் அணுக்கள் இருக்கின்றன, பொருத்தமானது கிடைத்தால் வழியுண்டு என்றார் டாக்டர். அக்கா வீட்டுக்கு ஓடினார். சாமி அலமாரியிலிருந்த வெள்ளித் தாயத்தைக் கொண்டுவந்து டாக்டர் மேசைமேல் வைத்தார். தேவி பிறந்து சில நாளில் விழுந்த கொடி, காய்ந்து அதற்குள் இருந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. காய்ந்த கொடியால் பயனில்லை. வேண்டியது இன்னொரு குழந்தை பிறந்தபோதே எடுத்து உறையவைத்த ரத்தம் என்று பொறுமையாக விளக்கினார். நம் இனத்தவர் கொடுத்தது நம் பிள்ளைகளுக்குப் பொருந்த வாய்ப்பு அதிகம், கொடுத்தவர்களோ குறைவு என்றும் சொன்னார். தேவிக்குக் கிடைக்கவில்லை.

"அலமாக், சக்கைய வெள்ளியில பூட்டி வெச்சிட்டு சாற குப்பையில ஊத்தியிருக்கோம்" என்று பிற்பாடு தன்னையே கிண்டல் செய்வார். சிரிக்கும்போதும் கண் கலங்கியிருக்கும்.

ஒரு வீட்டில் மாமியார் கத்தினார், பிள்ளையின் ரத்தத்தை உறிஞ்ச வந்துவிட்டாள் என்று. கொடியை அறுத்த பிறகு அதிலும் நஞ்சுக்கொடியிலும் மிச்சமிருப்பதைத்தான் எடுப்பார்கள், தாய்க்கும் பிள்ளைக்கும் வலியில்லை என்றார் அக்கா. நல்ல காரியத்தில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று அடுத்த கேள்வி வந்தது. "நல்ல காரியத்துல பேசாம சாவு வீட்டுலயா பேசுறது? அங்க ஏது தொப்புள்கொடி?" என்றார். வளையலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போனார்.

மகளையே காப்பாற்ற முடியாதவள் ஊருக்குச் சொல்ல வந்துவிட்டாள் என்றும், ஊர்க்காரர்களே, நீங்கள் பேசினீர்கள். ஆமாம், அதனால்தான் சொன்னார். வேறு யார் சொல்வது?

அன்று மதியம் கெலாங் பாத்தாவிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள். மாலினிக்கு வளையல் போட்டு முடிந்ததும் நான் எழுந்து அக்காவின் பெயரைச் சொன்னேன். காலையில் இறந்ததையும் சொன்னேன். தானம் எடுக்கிற மருத்துவமனையில் பிரசவத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

சம்பந்தியம்மாவின் முகம் கறுத்தது. "நல்ல நாளும் அதுவுமா இதெல்லாம் பேசணுமா?" என்றார். அக்காவின் பதிலையே திருப்பிச் சொன்னேன். மாலினி என் பக்கம் திரும்பினாள்: "குடுக்கலாம்மா. தேவிக்குத்தான் கிடைக்கல, வேற யாருக்காச்சும் கிடைக்கட்டும்."

பந்தி முடிந்ததும் சாவு வீட்டுக்குப் போனேன். ஆகாது என்று தடுத்தார்கள், போனேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிச்சம் அவருடைய வெட்கங்கெட்ட தைரியம்தான். இனி குளுவாங்கில் யார் வீட்டில் வளைகாப்பு என்றாலும் நான் வருவேன். அழைக்காவிட்டாலும் வருவேன். வளையலைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.