மிஸ்ஸி படிப்பு

வெந்த செம்பனைப் பழத்தின் வாடையைப் பிள்ளைகளே, உங்களில் பலர் முகர்ந்திருக்க மாட்டீர்கள். கொஞ்சம் புளித்த மாவும் கொஞ்சம் தீய்ந்த வெல்லமும் கலந்து, அதன்மேல் எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்தாற்போல் இருக்கும். கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையின் கடைசியில், எண்ணெய் ஆலையை ஒட்டிய தோட்டத் தொழிலாளர் லயத்தில் நான் வளர்ந்ததால், அந்த வாடை எங்கள் சோற்றிலும் பள்ளிச் சட்டையிலும் அப்பாவின் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டே இருந்தது. ஆலையை நாங்கள் "மில்லு" என்போம். அப்பா அங்கே "பாய்லர்" அடுப்புக்குத் தீனி போடுகிறவர். பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் அள்ளி அள்ளிப் போட்டு, ஆவி குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் கைகளில் முழங்கைவரை முடியே இருக்காது, எல்லாம் பொசுங்கிப் போயிருக்கும்.

என் அக்கா கலா என்னைவிட நான்கு வயது மூத்தவள். கோலா சிலாங்கூர் டவுனில் சின்னம்மா வீட்டில் தங்கி இடைநிலைப் பள்ளியில் படித்தாள். சனிக்கிழமை பஸ்ஸில் வருவாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் போய்விடுவாள். வந்தால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். எங்கள் வீட்டு மின்சாரக் காற்றாடியை எத்தனை முறை கழற்றி மாட்டினாள் என்று எனக்குக் கணக்கில்லை. "காத்து வருதுல்ல, அப்புறம் ஏன்டி அத நோண்டுற?" என்று அம்மா கத்துவார். "எப்படி வருதுன்னு பாக்குறேம்மா" என்பாள் அக்கா.

மூன்றாம் படிவ வகுப்பு முடியப்போகும் நேரம், ஒரு சனிக்கிழமை அவள் ஒரு விண்ணப்பப் பாரத்தோடு வந்தாள். தொழில்நுட்பப் பள்ளிக்கு மனுச் செய்யும் பாரம். பெற்றோர் கையெழுத்து வேண்டும். பழம் மலைபோல் வந்து குவியும் பருவம் அது. அப்பா இரண்டு நாளும் "ஓவர்டைம்" பார்த்துக்கொண்டிருந்தார், அக்காவால் அவரைப் பிடித்து உட்காரவைத்துப் பேச முடியவில்லை. நேருக்கு நேர் கேட்கப் பயமும் இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுமுன் பாரத்தை என் கையில் கொடுத்தாள்.

"தம்பி, அப்பா வந்ததும் படிச்சிக் காட்டு. என்னா படிப்புன்னு தெளிவா சொல்லு. வேணாம்னா வேணாம். சரின்னா கையெழுத்து வாங்கி நாளைக்கிப் பஸ்காரண்ணன்கிட்ட குடுத்து விட்டுரு."

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மலாய் பேச வருமே தவிர வாசிக்க வராது. வீட்டில் இருந்த ஒரே வாசகன், ஐந்தாம் ஆண்டு படித்த நான்தான். அன்று மாலை அப்பா குளித்துவிட்டு வந்து பலகையில் உட்கார்ந்ததும் நான் பாரத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன். பெயர் வந்தது, பிறந்த தேதி வந்தது. படிப்பின் பெயர் இருந்த வரியில் வந்து முட்டிக்கொண்டேன். "கெ-ஜு-ரு-" என்று தொடங்கி ரயில்போல நீண்டு கிடந்தது அந்தச் சொல். அப்பா பார்த்துக்கொண்டே இருக்கிறார். "ஜுரு" என்று தொடங்கும் சொல் ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்து மருந்தகக் கதவில் "ஜுருராவாட்" என்று எழுதியிருக்கும். தாதி என்று அர்த்தம். தோட்டத்தில் தாதியை எல்லாரும் "மிஸ்ஸி" என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மிஸ்ஸி படிப்புப்பா" என்றேன்.

பாரத்தில் இருந்ததோ "கெஜுருதெராஆன்", அதாவது பொறியியல். அதுவும் இயந்திரப் பொறியியல்.

அப்பா முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. வெள்ளை உடுப்பு, நாற்காலி, தலைக்கு மேல் காற்றாடி, வேலையை மேற்பார்க்கும் மண்டோரே எழுந்து நின்று பேசும் மரியாதை, எல்லாம் அவர் கண்ணில் ஓடியிருக்க வேண்டும். ஈரக் கையை மறுபடியும் துடைத்துக்கொண்டு, தமிழில் தன் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினார். "முடியிற வரைக்கும் இதப் பத்தி யாரும் மூச்சு விடக்கூடாது, கண்ணு பட்டுரும்" என்றார். அக்காவிடம்கூட அவர் பேச்செடுக்கவில்லை. அக்காவும் கையெழுத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் வாயைத் திறக்கவில்லை.

பள்ளி விடுமுறை முடிய சில நாள் இருக்கும்போது பதில் கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்தது. சின்னம்மாவுக்கு ஒத்தாசையாக அக்கா விடுமுறையிலும் டவுனிலேயே இருந்தாள். கடிதத்தை வாங்கப்போன அப்பாவுக்கு அங்கே எழுத்தராக இருந்த கிராணிதான் வாசித்துச் சொன்னாராம். சொன்னதோடு விட்டாரா? "என்னா பெருமாளு, ஒன் மக ஸ்பானர் புடிக்கப் போறாளாமே! மில்லுல எடம் காலி பண்ணி வைக்கட்டா?" என்று கேட்டு, இருந்தவர்களை எல்லாம் சிரிக்க வைத்துவிட்டார்.

அப்பா வீட்டுக்கு வந்து கடிதத்தை என் முன்னால் போட்டார். "டேய், என்னாடா படிச்ச நீ அன்னிக்கி?"

நான் அழுதுவிட்டேன். அம்மா இடையில் வந்து, "வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாப் போச்சு" என்றார். அப்பா தன் கைகளை நீட்டிக் காட்டினார். "இந்தச் சூட்டுல எம் பொண்ண நிறுத்தவா நான் வேகுறேன்? சனிக்கெழம வரட்டும், சொல்லிர்றேன்." ஊர் சிரித்ததைவிட அந்தச் சூடுதான் அவரைப் பயமுறுத்தியது என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

சனிக்கிழமை வந்தது. பள்ளியிலிருந்து அக்காவுக்கும் செய்தி போயிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்தவள், செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று பேசத் தொடங்கிவிட்டாள்.

"அப்பா, எங்க வகுப்புல அஞ்சு பொம்பளப் பிள்ளைங்க இந்தப் பாரத்த எடுத்துட்டுப் போனோம். நாலு பேரு வீட்டுல, பொம்பளப் பிள்ளைக்கி இஞ்சின் வேலயான்னு கேட்டு வேற எழுத வச்சிட்டாங்க. டீச்சர் என்கிட்ட, ஒங்க அப்பா என்ன சொன்னாருன்னு கேட்டாங்க. எங்கப்பா ஒரு வார்த்த கேக்கல டீச்சர், படிச்சதும் கையெழுத்துப் போட்டுட்டாருன்னு சொன்னேன்."

அப்பா சொல்ல வைத்திருந்ததை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அடுப்படியில் அம்மா சட்டியைக் கிளறுவதைக்கூட நிறுத்திவிட்டார்.

"ஆமா," என்றார் அப்பா கடைசியில். "தெரிஞ்சிதான் போட்டேன்லா."

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "அப்ப மிஸ்ஸி?" என்று கேட்டுவிட்டார்.

"எந்த மிஸ்ஸி? நீ போய் டீயக் கலக்கு."

கொஞ்ச நேரம் கழித்து, தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே அப்பா அக்காவிடம் கேட்டார்: "பாய்லருகிட்ட நீ நிக்கணுமா கலா?"

"நிக்கணும்ப்பா. எங்க சூடு வீணாப் போவுதுன்னு பாக்கணும்ல? அதச் சரி பண்ணிட்டா நீங்க கிட்ட நின்னு வேக வேணாம்."

அடுத்த திங்கட்கிழமை கிராணி மறுபடியும் ஸ்பானர் பேச்சை எடுத்தபோது, "எம் பொண்ணு கேட்டா, நான் போட்டேன். ஒங்களுக்கு என்னா சிரிப்பு?" என்று அப்பா கேட்டதாக, அங்கே இருந்த பக்கத்து வீட்டு மாமா வந்து சொன்னார். கிராணியிடம் அப்பா குரலை உயர்த்தியது அந்த ஒருமுறைதான்.

அக்கா இப்போது ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பொறியியலாளர். கொதிகலன்களும் ஆவிக் குழாய்களும் அவள் பொறுப்பு. அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று, நான் தவறாகப் படித்த கதையை அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"அம்மா மிஸ்ஸின்னு கேட்டப்பவே புரிஞ்சிருச்சுடா. அதுக்கப்புறமும் அப்பா மாத்திச் சொல்லல பாரு, எனக்கு அதுதான் கையெழுத்து."

எங்கள் மில்லு இன்று இல்லை. லயம் இருந்த இடத்தில் இரட்டை மாடி வீடுகள் வரிசையாய் நிற்கின்றன, பழ லோரிகள் ஓடிய செம்மண் சாலைக்குத் தார் போட்டாகிவிட்டது. அந்த வழியாகப் போகும்போது காரின் கண்ணாடியை இறக்கிப் பார்ப்பேன். ஒரு வாடையும் வருவதில்லை. பாரம்கூட இப்போது தாளில் வருவதில்லை. என் மகள் கைப்பேசியிலேயே எல்லாம் நிரப்பிவிட்டு, "அப்பா, மின்னியல் எடுத்திருக்கேன்" என்று எனக்குத் தகவல் சொன்னாள்.

ஆனால் அக்காவோடு பாரம் எடுத்துப்போன அந்த நான்கு பேரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர்களும் அக்காவைப் போலவே கெட்டிக்காரிகள். அவர்கள் வீட்டில் பாரத்தை யாரோ சரியாகப் படித்துவிட்டார்கள், அவ்வளவுதான். நால்வரில் ஒருவர் சுங்கை பெசாரில் துணி தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். அவருடைய மகள் போன மாதம் அக்காவின் தொழிற்சாலையில் பயிற்சிப் பொறியியலாளராகச் சேர்ந்திருக்கிறாள். உன் பாரத்தை வீட்டில் யார் படித்தார்கள் என்று அக்கா அவளிடம் கேட்டிருக்கிறாள்.

"அம்மாதான். ஒரு எழுத்து விடாம ரெண்டு தடவ படிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டாங்க" என்றாளாம் அந்தப் பெண்.