அம்மா போன மலை

"அம்மா இருக்காங்களாம்மா? கொஞ்சம் பேசலாமா?"

கொழும்பிலிருந்து பேசியவர் எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் தாயார்.

"மலைக்குப் போயிருக்காங்க" என்றேன்.

"அப்படியா! சொல்லவே இல்லையே. விரதமெல்லாம் ஒழுங்கா இருப்பாங்களோ?"

வெள்ளிக்கிழமை விரதத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ஆமாங்க, விடவே மாட்டாங்க" என்றேன்.

"கொடுத்து வெச்சவங்க. திரும்பி வந்ததும் ஐயப்பன் பிரசாதம் எங்களுக்கும் கொஞ்சம் எடுத்து வைங்க, என்ன?" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

அடக் கடவுளே! அவருக்கு மலை என்றால் சபரிமலை. அம்மாவுக்கு வயதும் ஐம்பதைத் தாண்டிவிட்டது, சந்தேகப்பட வழியில்லை. எங்களுக்கு மலை என்றால் தேயிலை. கொழுந்து பறிக்கிற இடம் எதுவானாலும் அது மலைதான். ஆற்றோரமாகச் சமதரையாய்க் கிடக்கிறதே, பாலத்தடி மலை, அதில் ஏறுவதற்கு ஒரு மேடுகூடக் கிடையாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி ஆட்களைப் பிரித்து, "நீங்க மேமலை, நீங்க பாலத்தடி மலை" என்று அனுப்புவார். அம்மா இடுப்பில் சாக்குப் படங்கைக் கட்டி, தலையில் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு கிளம்பினால், மலைக்குப் போயாச்சு.

டிக்கோயாப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தமிழ்தான் படிப்பிக்கிறேன். மலை என்றால் குன்று, வெற்பு, வரை என்று பிள்ளைகளுக்கு வாய் ஓயாமல் சொல்லிக்கொடுப்பவள். வியந்து நிற்பதற்கும் திகைத்து நிற்பதற்கும் மலைத்தல் என்றுதானே சொல்கிறோம், அந்தச் சொல்லும் இந்த மலையிலிருந்து வந்ததுதானோ என்று எனக்கு ஓர் ஆசை. அப்படிப்பட்டவள், ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு மலைத்து நின்றேன்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு தரகர் சொன்னது நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் அவர் "தோட்டத்துல வேலை" என்று பட்டும் படாமல் சொல்லிவைத்திருந்தார். அம்மா ஆபீசில் இருக்கிறார் என்று அவர்கள் நினைத்திருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. அட்டன் கோயிலில் பார்த்துப் பேசியபோதே பிடித்துவிட்டது, இதில் என்ன வெட்கம்! சொன்னால் சம்பந்தம் போய்விடுமோ என்று பயந்தேன்.

கந்தப்பளை மாமாவுக்கு விஷயத்தைச் சொன்னதும் குதித்தார். "சாமியாப் பாத்து அமைச்சுக் குடுத்திருக்கு புள்ள! அப்படியே விட்டுரு. அக்கா ஐயப்பன் பக்தைன்னே இருக்கட்டும்."

மாமாவுக்கு எல்லாமே சாமி. கந்தப்பளை என்ற பேரே கந்தன் வைத்த பேர் என்பார். சிங்களத்தில் 'கந்த' என்றாலும் மலைதான் மாமா என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "முருகனும் மலையிலதானே இருக்காரு" என்று வாயை அடைத்துவிடுவார்.

ஆனால் என்னைச் சுட்டது மாமாவின் பேச்சல்ல. அடுப்படியிலிருந்து அம்மா சொன்னதுதான்.

"அவங்க வீடு பாக்க வர்ற அன்னிக்கு நான் மலைக்குப் போகலடி. கைக்கறைய எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சுக்கிறேன். ஒண்ணும் தெரியாது."

எனக்கு வந்ததே கோபம்! அந்தக் கறைபிடித்த விரல்கள்தான் என்னைப் படிக்கவைத்தன. அவற்றை ஒளித்துவைத்துக் கழுத்தில் தாலி ஏறினால் எனக்குச் சோறு இறங்குமா? அம்மா தடுக்கத் தடுக்கக் கொழும்புக்கு எடுத்தேன்.

"நீங்க நெனைச்ச மலை இல்லைங்க. எங்கம்மா கொழுந்து பறிக்கிறாங்க. அதைத்தான் நாங்க மலைக்குப் போறதுன்னு சொல்லுவோம். பிரசாதம் கிடையாதுங்க, தேயிலைத் தூள் வேணும்னா தர்றேன்."

 "சரிம்மா, யோசிச்சுச் சொல்றோம்" என்றார். அந்த வாரம் முழுவதும் என் முகத்தைப் பார்த்தே பிள்ளைகள் வாலைச் சுருட்டிக்கொண்டு இருந்தார்கள்.

சனிக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. அன்றைக்குக் காலையிலேயே மாமாவும் வந்துவிட்டார். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, தாயும் தகப்பனும் மட்டும் வேனில் வந்து இறங்கினார்கள். அம்மா எலுமிச்சம்பழம் தேய்த்தும் கறை போகவில்லை. கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே தேத்தண்ணியை நீட்டினார். அந்தம்மா டம்ளரை வாங்கினார், முந்தானை விலகித் தெரிந்த அம்மாவின் விரல்களைப் பார்த்தார், குடித்து முடித்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"சரி, அந்த மலை எங்க இருக்கு? காட்டுங்களேன்" என்றார் திடீரென்று.

"ஐயோ, சறுக்குமுங்க! அட்டை வேற ஏறி ரத்தம் குடிக்கும்" என்றார் அம்மா.

"உப்பு குடுங்க, கால்ல தேய்ச்சுக்கிறேன்."

மாமா வாயைப் பிளந்தார். கொழும்புத் தகப்பனார் வெயிலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வீட்டோடு தங்கிவிட்டார். நான் வாசலில் நின்று பார்த்தேன். மேமலைப் பாதையில் அம்மா முன்னால், பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தம்மா பின்னால். வளைவில் அவர் தடுமாறினார். அம்மா கையை நீட்டினார். முந்தானையில் ஒளித்துவைத்திருந்த அதே கை. அவர் அதை இறுகப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"சம்பந்தி! மெதுவாப் போங்க சம்பந்தி!"

தேயிலைக்கு நடுவிலிருந்து அந்தக் குரல் வீடு வரைக்கும் கேட்டது. சம்பந்தி என்று கூப்பிட்டுவிட்டார்! எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் மாமா. அவர் எப்போது என்ன சொன்னார் என்று கேட்க எனக்கு நேரமில்லை, ஃபோன் அடித்தது. மாப்பிள்ளைதான்.

"அம்மாவுக்கு எடுத்தா எடுக்கல, அப்பாவும் எடுக்கல. ஒண்ணும் பிரச்சினை இல்லையே? அம்மா எங்க?"

"மலைக்குப் போயிருக்காங்க."

"யாரு, உங்கம்மாவா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"ரெண்டு அம்மாவும்" என்றேன்.