வெட்கத்துக்கு ஒரு கட்டம்

என் இடது கை மணிக்கட்டுக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. தொழிற்பேட்டையில் வேலை பார்த்தபோது தகடு அழுத்தும் மிஷினில் போனது. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. நான் எழுத நினைப்பது வேறு. போன கையால் நான் முஷ்டி மடக்கினேன். அதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில், கை இழந்தவர்களுக்குச் சொன்னபடி கேட்கும் செயற்கைக் கை செய்வதற்கு ஆராய்ச்சி நடப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முதலியார்பேட்டையிலிருந்து என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். கல்லூரி வாசலில் பிள்ளைகள் கும்பலாக நின்றதைப் பார்த்ததும் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"வேணாங்க, வண்டிய திருப்புங்க."

"திருப்பறேன். மீனை இனிமே நீயே ஆயறியா?"

அரிவாள்மணையில் ஒரு சுரைக்காயை நறுக்கக்கூட இரண்டு கை வேண்டும். கை போனதிலிருந்து நறுக்குவதெல்லாம் அவர்தான். காய் பரவாயில்லை. மீன்தான் பாவம். பிள்ளைச்சாவடிக் கடற்கரையிலிருந்து கூடையில் வரும் நல்ல சங்கரா மீனை வாங்கி, பாதிச் செதிலோடு சட்டியில் போடுவார். குழம்பில் செதில் மிதக்கும். இறங்கி உள்ளே போனேன்.

ஆராய்ச்சி செய்யும் மேடத்துக்கு என்னைவிட வயது குறைவு. கூட ஒரு மாணவி, விழுப்புரத்துப் பக்கத்துப் பெண், வாய் ஓயாது. இ.சி.ஜி. எடுக்கும்போது நெஞ்சில் ஒட்டுவார்களே, அந்த மாதிரி ஸ்டிக்கர்களை என் முழங்கைக்குக் கீழே சுற்றி ஒட்டினார்கள். எதிரில் கம்ப்யூட்டர் திரையில் பல கோடுகள் நடுங்கிக்கொண்டே ஓடின.

"நான் ஒண்ணும் பண்ணலியே, ஏன் நடுங்குது?" என்று கேட்டேன்.

"அது நீங்க இல்லக்கா. டியூப்லைட்டு, ஃபேனு, சுவத்துல ஓடற கரண்டு எல்லாம் வந்து கலந்துக்குது. மாவு சலிக்கற மாதிரி சலிச்சு எடுத்துடுவோம்" என்றாள் மாணவி. எதையோ தட்டினாள். நடுக்கம் அடங்கிக் கோடுகள் நேராகின.

"இப்ப இடது கை விரலை மடக்குங்க" என்றார் மேடம்.

"இல்லாத விரலையா மேடம்?"

"இருக்கறதா நெனச்சுக்கிட்டு மடக்குங்க. மூளை சொல்றத நிறுத்தல. அந்தச் சேதி இந்தத் தசை வரைக்கும் இன்னும் வருது. தசை சுருங்கறப்ப பொடிசா ஒரு கரண்டு கெளம்பும். அதத்தான் புடிக்கறோம்."

மடக்கினேன். நேராக ஓடிய கோடு சட்டென்று முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்து எழுந்தது. விட்டேன், படுத்தது. மறுபடி மடக்கினேன், மறுபடி எழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என் விரல்கள் இருக்கின்றன என்று நான் சொன்னால் வீட்டில் யாரும் நம்பியதில்லை. கட்டைவிரல் அரிக்கிறது என்றால் என் மகள் பயந்துபோவாள். இதோ, ஒரு மிஷின் நம்பிவிட்டது! வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த அறைக்குப் போகும் நாளென்றால் காலையிலேயே பரபரப்பாகிவிடும். ஒவ்வொரு அசைவையும் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி, அந்த அலைகளைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கினார்கள். எது என் மடக்கல், எது என் விரித்தல் என்று அது ஒரு கணக்கு உண்டாக்கிக்கொள்ளுமாம். அது எனக்கு மட்டும்தான் பொருந்துமாம், அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் மாதிரி. திரையின் அடியில் மூன்று கட்டங்கள்: சும்மா, திற, மூடு. நான் நினைப்பது எதுவோ அந்தக் கட்டம் பச்சையாகும். மேஜைமேல் நிறுத்தியிருந்த கறுப்புச் செயற்கைக் கை அதன்படியே திறக்கும், மூடும். முதல் தடவை அது என் சொல்லுக்கு மூடியபோது நான் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன்.

வெளியிலிருந்து நிபுணர்கள் சிலர் பார்க்க வரப்போவதாக மேடம் சொன்னார். அவர்கள் முன்னால் கை ஒழுங்காக வேலை செய்தால், கொஞ்ச காலம் வீட்டில் மாட்டிப் பழக என்னிடம் கொடுப்பார்கள். இல்லையென்றால் என் பங்கு அதோடு முடிந்தது.

அப்போதுதான் கோளாறு ஆரம்பித்தது. நான் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்க, கை தானாக மூடிக்கொண்டது. ஸ்டிக்கரை மாற்றினார்கள். ஒயரை மாற்றினார்கள். டியூப்லைட்டை அணைத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் துறைத்தலைவர் ஐயா உள்ளே வந்தார். அந்த நொடியில் கை, பக்கத்தில் நின்ற மாணவியின் துப்பட்டாவைக் கப்பென்று பிடித்துக்கொண்டது.

"அக்கா, விடுங்கக்கா! ஐயா முன்னாடி மானம் போவுது!"

"நான் புடிக்கலம்மா, சத்தியமா!"

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. பதிவான வீடியோவையும் கோடுகளையும் அருகருகே வைத்து ஓட்டிப் பார்த்தார்.

"கதவு தொறக்கறப்பல்லாம் இது வருது. புதுசா யாராவது வந்தா என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணலியே மேடம்."

வீடியோவை என் பக்கம் திருப்பினார். கதவு திறக்கிறது. என் இடது கை தானாக விலாவோடு ஒட்டி, முந்தானைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. இன்னொரு தடவை, அதே மாதிரி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்தது. முந்தானைக்குள் போனதும் என் இல்லாத விரல்கள் முந்தானை ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. நான் நிஜமாகவே முஷ்டியை மூடியிருக்கிறேன்.

"சுடிதார் போட்டுட்டு வாங்கக்கா, முந்தானையே இருக்காது" என்றாள் மாணவி. மகளுடையதை வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். கதவு திறந்தது. கை போய் இல்லாத முந்தானையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"நீங்க மாற வேணாம். அதுக்கும் ஒரு கட்டம் குடுத்துடலாம். அது வந்தா கை இருக்கற நெலையிலயே அசையாம நிக்கட்டும்" என்றார் மேடம். ஒளித்துக்கொள்ளும்போது முழங்கை மடங்குகிறதல்லவா, அதைத் தனியாகப் பிரித்தறிய மேல்கையிலும் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். திரையில் நாலாவதாக ஒரு கட்டம் வந்தது. மாணவி அதற்கு 'வெட்கம்' என்று பெயர் அடித்தாள்.

இனி என் வெட்கத்தைப் பலமுறை பதிவு செய்ய வேண்டும். இப்படி ஒரு வேலை உலகத்தில் யாருக்காவது வாய்த்திருக்குமா? மாணவி வராந்தாவில் போகிறவர்களை எல்லாம் பிடித்து உள்ளே தள்ளினாள். கேன்டீன் அக்கா வந்து, "இன்னாமே, கல்யாணப்பொண்ணு மாதிரி தலைய குனிஞ்சுகிற" என்றார். முதலில் நன்றாகத்தான் வந்தது. வந்தவர்களே திரும்பத் திரும்ப வரவும் எனக்குச் சிரிப்புதான் வந்தது, வெட்கம் வரவில்லை. பச்சை, 'சும்மா' கட்டத்திலேயே நின்றது.

"என்னக்கா, ஸ்டாக் தீந்துபோச்சா?" என்று மாணவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பார்த்து என் வீட்டுக்காரர் என்னைக் கூட்டிப்போகச் சீக்கிரமே வந்து கதவைத் தள்ளினார். நாலாவது கட்டம் பளிச்சென்று பச்சையானது.

"மேடம், வந்துடுச்சு! இதான் இருக்கறதுலயே பெருசு!" என்று மாணவி கைதட்டினாள். விஷயம் புரியாமல் அவர் கேட்க, அவளே எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் திரையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். அது முந்தானைக்குள் இருந்தது.

வீட்டுக்குப் போகும் திருப்பத்தில் வண்டியை நிறுத்தினார்.

"எங்கிட்டயுமா?"

"எனக்கே தெரியலீங்க. அதுவா போவுது."

வண்டியை மறுபடி கிளப்பினார். "உடு. கம்ப்யூட்டருக்காவது நான் பிரயோஜனப்பட்டேனே."

மறுநாளே தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு என்கூடவே வந்துவிட்டார். மாணவி கைகாட்டும்போதெல்லாம் வெளியே போவார், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார். ஒரு தடவை கேன்டீன் வடையோடு வந்தார். ஒரு தடவை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். கட்டம் ஒவ்வொரு தடவையும் பச்சையானது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

நிபுணர்கள் வந்த அன்று அறையில் நிற்கக்கூட இடமில்லை. அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். இந்தத் தடவை கையை என்மேலேயே மாட்டியிருந்தார்கள். தண்ணீர் நிரம்பிய காகிதக் கப்பைப் பிடித்துத் தூக்க வேண்டும், அழுத்தம் கூடினால் கப் நசுங்கிவிடும். மூடச் சொல்லி நினைத்தேன். விரல்கள் மெதுவாக வந்து கப்பைப் பிடித்தன. தூக்கினேன். அந்த நேரம் பார்த்து, தாமதமாக வந்த பெரியவர் ஒருவர் கதவைத் திறந்தார்.

என் கை விலாவோடு ஒட்டியது, கப்போடு. தண்ணீர் தளும்பிப் புடவையில் கொஞ்சம் தெறித்தது. மாணவி மூச்சை இழுப்பது கேட்டது. திரையில் நாலாவது கட்டம் பச்சை. கறுப்பு விரல்கள் இறுகவில்லை. பிடித்த பிடியிலேயே நின்றன. கப் நசுங்கவில்லை!

பெரியவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றித் திரையைப் படித்தார். "வெட்கமா? இது என்ன அசைவு?"

மேடம் வாய் திறப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன். "உங்களப் பாத்ததால வந்துதுங்க ஐயா."

அறையே சிரித்தது. நான் அத்தனை பேர் முன்னால் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. கையை மெதுவாக முன்னால் நீட்டி, கப்பை அவர் முன்னாலிருந்த மேஜையில் வைத்தேன். விரித்தேன். விட்டது.

கை வீட்டுக்கு வந்தது. பார்க்கத் தெருவே வந்தது. மாடியில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரம்மா, பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிறவர், "போன்! போன்!" என்று பிரெஞ்சில் பாராட்டிக்கொண்டே படியிறங்கி வந்தார். எல்லோர் முன்னாலும் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தேன். சுரைக்காயின் ஒரு பக்கத்தைப் புதுக் கை பிடித்தது, மறுபக்கம் என் வலது கை. நடுவில் இரண்டு தடவை கை விலாவைத் தேடி ஓடியது, காயையும் இழுத்துக்கொண்டு. மறுபடி முன்னால் கொண்டுவந்தேன். துண்டுகள் கோணல்மாணலாக விழுந்தன. விழட்டுமே!

என் வீட்டுக்காரர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அப்பாடா. நாளைலேந்து மீனும் நீதான்."

"கையில தண்ணி படக்கூடாதாம். மேடம் கண்டிப்பா சொல்லியிருக்காங்க."

அவர் என்னைப் பார்த்தார். கறுப்புக் கையைப் பார்த்தார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா? வெட்கமா?"

"செதிலை ஒழுங்கா எடுங்க" என்றேன்.